அமார்ஃபிஸ்: 1994க்கு முன்னால் என்ன இருந்தது?

கேள்வி (ஒரு வாசகர்), பிப்ரவரி 26, 2025

ஃபின்லாந்து மெட்டல் குழுவான அமார்ஃபிஸின் பழைய டெமோ (ஆல்பத்துக்கு முந்தைய மாதிரிப் பதிவு), பழைய இ.பி. (ஆல்பத்தைவிடச் சிறிய தட்டு) என்று தேடித் தேடிச் சேர்ப்பவர்களைப் பார்க்கிறேன். எனக்குப் புரியவில்லை. அவர்களின் ‘டேல்ஸ் ஃப்ரம் தி தவுசண்ட் லேக்ஸ்’ ஆல்பம் வந்தது 1994இல். ஃபின்லாந்தின் தேசிய காவியமான கலேவலா, அந்நாட்டு நாட்டார் மெட்டு எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்கு முந்தையவை, அந்த நாட்களில் எல்லாக் குழுக்களும் வாசித்த, உறுமல் குரலும் கனத்த கிட்டாரும் கொண்ட அதே டெத் மெட்டல்தானே? எளிதில் கிடைக்காதவை என்பதைத் தவிர அவற்றைக் கேட்க வேறு காரணம் உண்டா?

பிப்ரவரி 26, இரவு

உண்டு. வலுவான காரணம் உண்டு.

முதலில் வரிசையைச் சரியாகப் பிடிக்க வேண்டும். பலர் வெளியீட்டு வரிசையில் கேட்கிறார்கள், அங்கேயே தடம் மாறிவிடுகிறது. குழு ஹெல்சிங்கியில் 1990இல் உருவானது. யான் ரெக்பெர்கரும் ஏசா ஹோலோபைனெனும் ‘வயலன்ட் சொல்யூஷன்’ என்ற குழுவிலிருந்து வந்தார்கள். டொமி கொய்வுசாரி ‘அபாரன்ஸ்’ குழுவிலிருந்து வந்தார். பேஸ் கிட்டாருக்கு ஒல்லி-பெக்கா லைனே. 1991இல் ‘டிஸ்மென்ட் ஆஃப் சோல்’ டெமோ. அதே ஆண்டு, அமெரிக்காவின் ரிலாப்ஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக இன்கான்டேஷன் குழுவோடு பகிர்ந்துகொள்ளும் தட்டுக்கென்று இன்னொரு பதிவு. அந்தப் பகிர்வுத் தட்டு வரவேயில்லை. நிறுவனம் முழு ஆல்பமே கேட்டுவிட்டது. ஆகவே 1992இல் ‘தி கரேலியன் இஸ்த்மஸ்’ முதலில் வெளியானது. முன்பே பதிவான ஆறு பாடல்கள் ‘பிரிவிலேஜ் ஆஃப் ஈவில்’ என்ற இ.பி.யாக 1993இல்தான் கடைக்கு வந்தன.

எனவே ஆல்பத்துக்குப் பிறகு வந்த அந்த இ.பி. ஆல்பத்துக்கு மூத்தது. பதிவான வரிசையில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். 1991இலிருந்து 1992க்குள் ஒரு குழு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பது வேறு எந்த விளக்கமும் இல்லாமல் காதில் விழும்.

பிப்ரவரி 27

‘மிசரி பாத்’, ‘பிளாக் எம்பிரேஸ்’ இரண்டும் அந்த இ.பி.யிலும் இருக்கின்றன, முதல் ஆல்பத்திலும் இருக்கின்றன. ஒரே பாடல், இரண்டு ஸ்டுடியோ. முதல் முறை டிமோ டொல்க்கியின் டி.டி.டி. ஸ்டுடியோ. ஆம், ஸ்ட்ராட்டோவாரியஸ் என்ற ஃபின்லாந்து மெட்டல் குழுவின் அதே டொல்க்கிதான். இரண்டாம் முறை ஸ்டாக்ஹோமில், தோமஸ் ஸ்கோக்ஸ்பெர்கின் சன்லைட் ஸ்டுடியோ. என்டூம்ட், டிஸ்மெம்பர் குழுக்களின் ரம்பம் அறுப்பது போன்ற கிட்டார் ஒலி பிறந்த இடம் அது.

சன்லைட் பதிப்பில் கிட்டார் சுவர்போல நிற்கிறது. டொல்க்கி பதிப்பில் எல்லாம் கலங்கலாக இருக்கிறது, டிரம்ஸ் பின்னால் ஒதுங்கிக் கிடக்கிறது. ஆனால் அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து, வேகம் குறையும் இடங்களில், கிட்டார் ஒரு மெட்டை எடுத்து இழுக்கிறது பாருங்கள், அது எனக்கு இ.பி.யில்தான் தனியாகத் தெரிகிறது. ஸ்டாக்ஹோம் ஒலியின் கனம் அதைக் கொஞ்சம் மூடிவிட்டது. நான் இ.பி.யின் ‘மிசரி பாத்’ பக்கம்.

பிப்ரவரி 28

இன்று கலேவலா நாள். நாட்டார் பாடல்களைத் திரட்டிக் கலேவலாவைத் தொகுத்த எலியாஸ் லோன்ரோட் முதல் பதிப்பின் முன்னுரையில் இட்ட தேதி 1835 பிப்ரவரி 28. நாம் இன்று படிப்பது அவர் 1849இல் விரித்து வெளியிட்ட பதிப்பு: 50 பாடல்கள், 22,795 அடிகள்.

நேற்று ‘மெட்டு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதை விளக்காமல் விட்டால் கேட்டவருக்குப் பதில் சொன்னதாகாது.

ஃபின்னிய, கரேலிய ரூனோ பாடல்கள், அதாவது கலேவலாவுக்கு மூலமான வாய்மொழிப் பாடல்கள், மிகக் குறுகிய எல்லைக்குள் ஓடுபவை. பெரும்பாலும் ஐந்து சுரங்கள், அதற்குள்ளேயே ஏறி இறங்கும். காந்தலே என்ற பழைய நரம்பு வாத்தியத்துக்கும் ஐந்து தந்திகள்தான். தாளம் பல இடங்களில் ஐந்து எண்ணிக்கை: ஓர் அடியில் எட்டு அசை, கடைசி இரண்டு அசைகள் நீளும். கலேவலாவின் நாயகனைக் குறிக்கும் ‘வகா வன்ஹா வைனாமோயினென்’ என்ற அடியைச் சொல்லிப் பாருங்கள், எட்டு அசையும் வந்துவிடும், மோனையும் வந்துவிடும். மோனையில் ஊறிய நம் காதுக்கு இந்த மரபு அந்நியமே இல்லை. ஓர் அடி பாடி, அதையே வேறு சொற்களில் இன்னோர் அடியாகத் திருப்பிப் பாடுவார்கள். இரவு முழுவதும் ஒரே சிறு மெட்டு, ஆயிரக்கணக்கான அடிகள்.

இப்போது டெத் மெட்டலின் ரிஃப்பை, அதாவது பாடலைத் தாங்கும் கிட்டார் துண்டை, எடுத்துக்கொள்ளுங்கள். குறுகிய சுர எல்லை. சிறு துண்டு. திரும்பத் திரும்ப வாசிப்பது. ஒவ்வொரு சுற்றிலும் சிறிது மாற்றம். இரண்டும் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரிஃப் வாசித்துப் பழகிய ஒரு குழுவுக்கு ரூனோ மெட்டுக்குள் நுழையும் கதவு ஏற்கெனவே பாதி திறந்திருந்தது. புல்லாங்குழலும் பிடிலும் வாங்கிக்கொண்டு நாட்டார் இசைக்குப் போன குழுக்கள் உண்டு. அமார்ஃபிஸ் கிட்டாரை வைத்தே போனார்கள். அதனால்தான் அந்தப் பயணத்தின் தொடக்கத்தைப் பழைய பதிவுகளில் தேட முடிகிறது. வாத்தியத்தைத் தேடினால் எதுவும் அகப்படாது.

மார்ச் 1

“இப்படி இழுத்தால் எந்த டெத் மெட்டல் குழுவையும் நாட்டார் இசை என்று சொல்லிவிடலாமே” என்று கேட்கிறார் இன்னொருவர். நியாயமான கேள்வி. எல்லை போட்டுச் சொல்கிறேன்.

‘வல்கர் நெக்ரோலட்ரி’ பாடலில் நாட்டார் இசை இல்லை. அது கொய்வுசாரியின் முந்தைய குழுவான அபாரன்ஸின் பாடல், அப்பட்டமான டெத் மெட்டல், அந்த வகையில் மிக நல்ல பாடல். ‘எக்ஸ்கர்சிங் ஃப்ரம் எக்சிஸ்டன்ஸ்’ பற்றியும் அதேதான் சொல்வேன். நான் சொல்வது மெதுவான பகுதிகளைப் பற்றி, இரண்டு கிட்டார்களில் ஒன்று விலகித் தனியே பாடும் இடங்களைப் பற்றி. முதல் ஆல்பத்தில் ‘தி கேதரிங்’, ‘சைன் ஃப்ரம் தி நார்த் சைட்’ இரண்டையும் இந்தக் காதோடு கேளுங்கள்.

பாடல் வரிகளிலும் அந்தக் கட்டத்தில் கலேவலா இல்லை. ஆல்பத்தின் பெயரான ‘தி கரேலியன் இஸ்த்மஸ்’ கரேலிய நிலவழியைச் சொல்கிறது. உள்ளே இருப்பதோ புனிதக் கிண்ணக் (ஹோலி கிரெய்ல்) கதை, அயர்லாந்தின் உஷ்லியு மைந்தர் கதை. ஊர்ப் பெயரை வாசலில் எழுதி வைத்துவிட்டு உள்ளே வேறு நாட்டுத் தொன்மங்களைப் பாடுகிறார்கள். ஒரு வாசகர் இதைக் குறை என்கிறார். தொன்மம் வேண்டும் என்ற பசி வந்துவிட்டது, சொந்த வீட்டுச் சமையலறை இன்னும் கண்ணில் படவில்லை என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன். பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்களிடம் இதைவிட இயல்பாக வேறு என்ன நடக்கும்?

மார்ச் 1, பிறகு

‘கரேலியா’வை விட்டுவிட்டேன். முதல் ஆல்பத்தின் முதல் தடம், ஒரு நிமிடம்கூட வராத முன்னிசை. பலர் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள்.

மார்ச் 4

சேகரிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் அனுபவம் இது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடமிருந்து ‘டிஸ்மென்ட் ஆஃப் சோல்’ மூல கேசட் என்று சொல்லி வாங்கினேன். உறை பழையதாக இருந்தது. கேட்டபோது இரைச்சல் அலைபோல மேலெழுந்தது, சிம்பலின் மினுக்கு முழுவதும் மழுங்கியிருந்தது. அது நகலின் நகல். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் மேல் சுரங்கள் தேய்கின்றன, நாடாவின் இரைச்சல் ஒரு படலம் கூடுகிறது. இரண்டு கருவிகளின் ஓட்ட வேகம் ஒத்துப்போகாவிட்டால் சுருதியே நகர்ந்துவிடும். என்னிடம் வந்த பிரதி சற்று ஏறிய சுருதியில் ஓடியது. வாங்கிய அன்று மனம் கசந்தது, பெரிய தொகை.

அந்த கேசட்டை நான் தூக்கிப்போடவில்லை. 1991இல் இந்தப் பாடல்கள் ஊர் ஊராகப் பயணம் செய்த விதமே அதுதான். தபால் உறையில் ஒரு கேசட், பதிலுக்கு வேறொரு கேசட். டெத் மெட்டல் ஓர் உலகமாக இயங்கியது அந்தப் பரிமாற்றத்தால். கேட்டு, நகலெடுத்து, அடுத்தவருக்கு அனுப்பியவர்கள் அந்தத் தேய்ந்த ஒலியைத்தான் கேட்டார்கள், அதைக் கேட்டுத்தான் காதலித்தார்கள். என் கையிலிருக்கும் நகல் பொய்யான மூலம்தான், ஆனால் உண்மையான நகல்.

விலைக்கு மதிப்பு உண்டா என்றால், கிடையாது. பணம் கொடுக்கும் முன் பத்துப் பதினைந்து விநாடி ஒலியைக் கேட்டு வாங்குங்கள், உறையின் படத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மூலத்தை நெருங்கிய ஒலி வேண்டுமானால் ‘பிரிவிலேஜ் ஆஃப் ஈவில்’ சி.டி. போதும்.

மார்ச் 5

அபாரன்ஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு: 1990இல் ஒரு டெமோ, அதே ஆண்டில் ஏழு அங்குல இ.பி. இரண்டும் 2012இல் ஸ்வார்ட் நிறுவனம் வெளியிட்ட ‘கம்ப்ளீட்லி வல்கர்’ தொகுப்பில் இருக்கின்றன. அமார்ஃபிஸின் டெத் மெட்டல் எங்கிருந்து வந்தது என்று தெரிய இதைக் கேட்டே ஆக வேண்டும்.

மார்ச் 9

ஆல்பத்தின் பெயரைப் பற்றி மார்ச் 1இல் சொன்னது மனதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. வாசலில் ஊர்ப் பெயர், உள்ளே வேறு கதை என்றேன். ஆனால் அந்தப் பெயரின் கனத்தை நான் சொல்லவில்லை.

கரேலிய நிலவழி ஃபின்லாந்து வளைகுடாவுக்கும் லடோகா ஏரிக்கும் நடுவே இருக்கும் நிலம். 1939-40 குளிர்காலப் போரின் முக்கியக் களம். போருக்குப் பிறகு சோவியத் வசம் போனது, அங்கிருந்த ஃபின்னிய மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். இன்று ரஷ்யாவில் இருக்கிறது. அந்த மண்ணில் சக்கோலா வட்டாரத்தில்தான் லாரின் பரஸ்கே வாழ்ந்தார். 1833இல் பிறந்து 1904இல் இறந்த இங்க்ரியப் பாடகி. எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வாயிலிருந்து மட்டும் 32,000க்கும் மேற்பட்ட அடிகள் எழுதி எடுக்கப்பட்டன. லோன்ரோட்டின் முழுக் கலேவலாவைவிட அதிகம், ஒரே பெண்ணின் நினைவிலிருந்து. இளம் இசையமைப்பாளர் சிபேலியஸ் அவர் பாடுவதை நேரில் கேட்டிருக்கிறார். வாழ்நாள் முழுவதும் கடன், வறுமை. கடைசியில் வீடும் போய்விட்டது.

முதல் ஆல்பத்துக்கு அந்த இளைஞர்கள் இந்தப் பெயரை வைத்தபோது பரஸ்கேயை நினைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெயர் தானாகவே அவ்வளவையும் சுமக்கிறது. ஃபின்லாந்தில் ஒருவர் அந்தத் தட்டின் உறையைப் பார்த்த உடனே இழந்த நிலம் நினைவுக்கு வந்துவிடும். வரிகளில் இல்லாத கரேலியா உறையில் இருக்கிறது, அந்த ஒரு நிமிட முன்னிசையில் இருக்கிறது. பிறகு 1994இல் அது ஆல்பம் முழுவதும் பரவுகிறது.

மார்ச் 10

சேர்க்க ஒன்று. வாத்தியம் அகப்படாது என்று பிப்ரவரி 28இல் சொன்னது அப்படியே நிற்கிறது. 1994 ஆல்பத்திலும் நாட்டார் வாத்தியம் முன்னால் வந்து நிற்பதில்லை. காஸ்பர் மோர்டென்சனின் கீபோர்டு, பழைய மூக் சிந்தசைசர் ஒலி, பியானோ, அவ்வளவுதான். ‘தி காஸ்ட்அவே’யின் மெட்டைக் கொண்டுவருவது கிட்டார்.

மார்ச் 15

‘பிளாக் வின்டர் டே’ இ.பி.யைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆச்சரியமாக இருக்கிறது. 1995. நான்கு தடங்கள்: தலைப்புப் பாடல், ‘ஃபோக் ஆஃப் தி நார்த்’, ‘மூன் அண்ட் சன்’, அதன் இரண்டாம் பாகம். பின்னர் ‘தவுசண்ட் லேக்ஸ்’ ஆல்பத்தின் மறுவெளியீட்டில் கடைசி மூன்றையும் சேர்த்துவிட்டார்கள், அதனால் இப்போது கிடைப்பது எளிது. ஆனால் ஆல்பத்தின் வாலாக ஒட்டிக் கேட்பதற்கும் தனியே கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. தனியே கேட்டால் ‘ஃபோக் ஆஃப் தி நார்த்’ என்ற அந்தச் சிறு வாத்திய இசை, மணப்பெண்ணின் புலம்பலுக்கும் வானிலிருந்து களவுபோன சூரிய சந்திரர் கதைக்கும் நடுவே மூச்சு விட இடம் தருகிறது. வாலில் ஒட்டியபோது அந்த இடம் போய்விட்டது.

மணப்பெண் என்றேன். பலருக்கு இது தெரியவில்லை. ‘பிளாக் வின்டர் டே’ வரிகள் கலேவலாவின் 22ஆம் பாடலிலிருந்து வருபவை. வடநாட்டு மகள் கணவன் வீட்டுக்குப் புறப்படும் நேரம். பேறு பெற்றவர்களின் மனம் வசந்தத்துச் சூரியோதயம் போல இருக்கும், என் மனமோ குளிர்காலத்துக் கரிய பகலாக இருக்கிறது என்று அழுகிறாள். அந்த உறுமல் குரலை வெறும் ஆவேசம் என்று கேட்டிருந்தால், இனி பிறந்த வீட்டை விட்டுப் போகும் பெண்ணின் அழுகையாகக் கேட்டுப் பாருங்கள். எனக்கு அதற்குப் பிறகு அந்தப் பாடல் பழையபடி ஒலிக்கவேயில்லை.

தமிழில் படிக்க விரும்புபவர்களுக்கு: இலங்கைத் தமிழரான ஆர். சிவலிங்கம், உதயணன் என்ற பெயரில் எழுதியவர், கலேவலா முழுவதையும் தமிழில் கொண்டுவந்திருக்கிறார். வெளியானது 1994. ஆம், இந்த ஆல்பம் வந்த அதே ஆண்டு. 22ஆம் பாடலை அதில் எடுத்து வைத்துக்கொண்டு இ.பி.யை ஓடவிடுங்கள்.

மார்ச் 16

“அப்படியானால் ‘மை காந்தலே’ இ.பி.?” என்ற கேள்விக்கு.

1997. ‘எலிஜி’ ஆல்பத்துக்கு அடுத்த ஆண்டு. ‘எலிஜி’யின் வரிகள் லோன்ரோட்டின் இன்னொரு தொகுப்பான காந்தலேதாரிலிருந்து எடுத்தவை. 1840இல் வந்தது, வீர காவியம் கிடையாது, பெண்களும் அநாதைகளும் ஏழைகளும் பாடிய தனிப்பாடல்கள். கலேவலாவில் வைனாமோயினென் பெரிய மீனின் தாடை எலும்பில் காந்தலே செய்கிறான். காந்தலேதாரில் பாடுபவரோ அதை மறுக்கிறார்: மீன் எலும்பில் செய்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள், என் காந்தலே துயரத்தில் செய்தது என்கிறார். ‘மை காந்தலே’ பாடல் அந்த மறுப்புதான். முந்தைய ஆல்பம் காவியத்தைப் பாடியது, அடுத்தது காவியத்தோடு வழக்காடுகிறது. இந்தத் திருப்பத்தை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

இ.பி.யில் ‘எலிஜி’யில் இல்லாத ‘தி பிரதர்-ஸ்லேயர்’, அதன் தொடர்ச்சியான ‘தி லாஸ்ட் சன்’ இரண்டும் இருக்கின்றன. தாய் கேட்கிறாள், மகன் பதில் சொல்கிறான், கேள்விக்குக் கேள்வி உண்மை கசிகிறது. கதைப்பாடல் வடிவம் அப்படியே மெட்டலுக்குள் வந்திருக்கிறது. கூடவே ஹாக்விண்ட், கிங்ஸ்டன் வால் பாடல்களை எடுத்து வாசித்திருக்கிறார்கள். கிங்ஸ்டன் வால் ஹெல்சிங்கிக் குழு. இரண்டுமே சைகடெலிக் ராக் வாசித்த குழுக்கள். குழுவின் காது அடுத்து எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பதை அந்த இரண்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

மார்ச் 22

பேச்சு கோர்பிக்லானி என்ற ஃபின்லாந்து நாட்டார் மெட்டல் குழுவின் பக்கம் போய்விட்டது, நல்லதுதான். அவர்களும் இதே கேள்விக்குள் வருகிறார்கள். 2003க்கு முன் அவர்கள் பெயர் ஷாமன். ‘இட்யா’ ஆல்பம் 1999இல், ‘ஷமானியாக்’ 2002இல். வடக்கின் பூர்வகுடிகளான சாமி மக்களின் மொழி, அவர்களின் யோய்க் என்ற பாடும் முறை, கனத்த கீபோர்டு. இன்று திருவிழாக் கூட்டத்தை ஆடவைக்கும் அதே பாடகர் யொன்னே யார்வெலா அங்கே வேறு மனிதர். ‘இட்யா’வை மட்டும் கேட்டவருக்குப் பிந்தைய துள்ளல் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். எனக்கு இரண்டும் பிடிக்கும், திரும்பத் திரும்பப் போவது ‘இட்யா’வுக்கு.

மெட்டலோடு நாட்டார் இசையைக் கலந்ததில் யார் முதல் என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. இங்கிலாந்தின் ஸ்கைகிளாட் 1991இலேயே பிடிலைக் கொண்டுவந்துவிட்டார்கள். அவர்கள் வந்தது வேறு வழி.

ஏப்ரல் 2

2010இல் அமார்ஃபிஸ் தங்கள் முதல் மூன்று ஆல்பங்களின் காலத்துப் பாடல்களைப் பிற்காலப் பாடகரான டொமி யோட்சென் குரலில் மறுபடி பதிவு செய்து வெளியிட்டார்கள். “இவை இருக்கும்போது பழைய கலங்கல் எதற்கு?” என்கிறார் முதலில் கேள்வி கேட்டவர்.

யோட்சென் பெரும் பாடகர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2021இல் ஹெல்சிங்கியின் தவாஸ்தியா இசையரங்கில் அவர் குரலில் ‘தவுசண்ட் லேக்ஸ்’ முழுவதையும் நேரடியாகப் பதிவு செய்து 2024இல் வெளியிட்டார்கள், அருமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவுகளில் குழுவுக்குத் தான் யார் என்று தெரியும். எந்த மெட்டு நிலைக்கும், எந்த இடத்தில் கூட்டம் சேர்ந்து பாடும் என்று தெரியும். 1991இன் ‘மிசரி பாத்’தில் அது தெரியாது. ஒரு மெட்டு எட்டிப் பார்க்கிறது, குழு அதைச் சில சுற்றுகள் வாசித்துவிட்டு, இது நமக்குத் தேவையா என்று தெரியாமல் வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது. எனக்கு அந்தத் தயக்கம் விலைமதிப்பற்றது. மறுபதிவில் அதைக் கொண்டுவரவே முடியாது, ஏனென்றால் இப்போது விடை கையில் இருக்கிறது.

ஏப்ரல் 3

“எதிலிருந்து தொடங்குவது?” என்று மூன்று பேர் தனித்தனியே கேட்டுவிட்டார்கள்.

‘தவுசண்ட் லேக்ஸ்’ ஏற்கெனவே பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். முதலில் ‘பிரிவிலேஜ் ஆஃப் ஈவில்’ இ.பி.யின் ‘மிசரி பாத்’. அடுத்து முதல் ஆல்பத்தின் ‘கரேலியா’வும் ‘தி கேதரிங்’கும், இடைவெளி விடாமல். பிறகு ஆல்பத்தின் ‘மிசரி பாத்’. அதன்பின் நேராக ‘தி காஸ்ட்அவே’. இதற்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படாது. ‘தி காஸ்ட்அவே’யின் மெட்டு வரும்போது, இதை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றுகிறதா இல்லையா என்று வந்து எழுதுங்கள். தோன்றவில்லை என்றாலும் எழுதுங்கள், எந்த இடத்தில் நூல் அறுகிறது என்று விநாடிக் கணக்கோடு பேசுவோம்.